நிறை

எண் 1047. எனக்கு முன்னால் இன்னும் பதினொரு பேர்.
பாலிங் பதிவுத்துறைக் கூடத்தில் குளிர்சாதனம் ஒழுகுகிறது,
கீழே ஒரு மைலோ டின் வைத்திருக்கிறார்கள்.
மடியில் நாற்பத்தொரு நாள் பிள்ளை,
பெயரில்லாமல் நன்றாகத் தூங்குகிறாள்.

கைப்பையில் அவள் அப்பா எழுதித் தந்த தாள்:
தக்‌ஷிவிகா, யஷ்மித்ரா, ஹர்ஷ்னிகா.
அர்த்தம் கேட்டேன்.
'அழகா இருக்குல்ல, போதாதா?' என்றார்.
போதும்தான். அந்தப் பெயர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.
கடைக் கண்ணாடிக்குள் புதுச் செருப்புகள்போல
யார் காலும் படாமல் மினுங்குகின்றன.
தாளின் பின்பக்கம் நாத்தனார், பென்சிலில்:
குணவதி. அடியில் இரண்டு கோடு.
'பேருதான் புள்ளைய இழுத்துப் பிடிக்கும்.'

என்னை இழுத்துப் பிடித்த பெயர் கற்புக்கரசி.
கோலா கெட்டில் பள்ளியில்
வருகைப் பதிவேடு வாசிக்கும்போதெல்லாம்
கடைசி வரிசை இருமும்.
பதினேழு வயதில், பஸ் நிலையத்தில்,
பக்கத்து டிவிஷன் பையனோடு ஒரு ஐஸ் கச்சாங்.
ஐஸ் கரைவதற்குள் சேதி தோட்டத்துக்குப் போய்விட்டது:
'பேரப் பாரு, வேலையப் பாரு.'
வசந்தா தின்றிருந்தால் அது வெறும் ஐஸ் கச்சாங்.

அண்ணனுக்கு வெற்றிச்செல்வன் என்று வைத்தார்கள்.
எஸ்.பி.எம். மூன்று முறை எழுதினான்.
ஒருவரும் அவனிடம் பேரைப் பார் என்று சொல்லவில்லை.

இப்போது ஆலை எடைமேடையில் நான் கிராணி.
சட்டையில் 'அரசி' மட்டும் குத்தியிருக்கிறேன்;
முன்பாதியை அடையாளக் கார்டு வைத்துக்கொள்ளட்டும்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
திரையில் எண் நடுங்கி நிற்கும்,
இறக்கிவிட்டு வெறுமனே மறுபடி ஏறும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் காசு.
டாங்கியில் தண்ணீர் நிரப்பி வந்து
உள்ளே போய்த் திறந்துவிடுகிறவனும் உண்டு,
சக்கரத்து ஈரம் காட்டிக்கொடுக்கும்.

ஜாவாக்காரர் ஒருவர் வருவார். அறுபது இருக்கும்.
பெயர் சபார்.
சபார் என்றால் பொறுமை.
வரிசையில் இரண்டு நிமிடம் நின்றால் போதும்,
ஹாரன்மேல் படுத்துவிடுவார்.
முதல் நாள் ரசீதில் அந்தப் பெயரை அடித்துவிட்டு
சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் பேனா தேடினேன்.
பொறுமைக்கு மீசை இருந்தது.
பொறுமை பல்லிடுக்கில் கிரெட்டெக் கடித்துக்கொண்டு
என்னைத் திட்டியது.

பிள்ளை பிறந்து ஒரு ராத்திரி,
பால் கொடுத்துக்கொண்டே அவரை நினைத்தேன்.
இந்த அறுபது வருஷத்தில் யாராவது
பேரப் பாரு என்று அவரிடம் சொல்லியிருப்பார்களா?
குற்றம் பெயரில் இல்லை போலிருக்கிறது,
கூப்பிடும்போது புருவத்தைத் தூக்குகிறவர்களிடம் இருக்கிறது.
இல்லை, பெயரிலும் கொஞ்சம் இருக்கிறது.
அடக்கம், கற்பு, நாணம்,
எல்லாமே ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு
வைத்த பெயர்கள்.

1047.
முகப்பில் இருந்தவளின் பட்டையில் சித்தி சோலேஹா.
சோலேஹா என்றால் ஒழுக்கமுள்ளவள், அது எனக்குத் தெரியும்.
உன் பள்ளியிலும் கடைசி வரிசை இருமியதா
என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

தாளைப் பிரிக்கவில்லை.
பாரத்தில் நிறை என்று எழுதினேன்.
நாத்தனார் அகராதி புரட்டினால் கற்பு என்றும் இருக்கும்,
அத்தோடு வாயை மூடிக்கொள்வாள்.
பிள்ளையின் அப்பாவுக்கு இரண்டே எழுத்து, ஸ்டைல்.
எனக்கு,
தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற வேலை.

'மக்சூட்னியா ஆப்பா?' என்றாள் சோலேஹா.
'பெராட்' என்றேன். எடை.
எட்டி மடியைப் பார்த்தாள்.
'இதுவா? நாலு கிலோ தேறுமா?'
'இப்போதைக்கு.'

அவள் விசைகளைத் தட்டத் தட்ட
பிள்ளை விழித்து,
கூடமே திரும்பிப் பார்க்க
கத்தத் தொடங்கினாள்.
நான் 'உஷ்' சொல்லவில்லை.