இஞ்சு டேப்

லாக்கப் ஜன்னலின் மேல் கம்பி, தரையிலிருந்து
நாலடி இரண்டங்குலம்.
மூன்று முறை அளந்தோம்.
"சீக்கிரம் சார்" என்றார் ரைட்டர்,
எங்களைப் பார்க்காமல்.

அதில்தான் தொங்கினானாம் தசரதன்,
லுங்கியைக் கிழித்து.

பிரேதப் பரிசோதனைத் தாளில்
உயரம் எழுதும் இடம் காலி.
பீடி சுற்றுவதை நிறுத்தாமல் நவநீதம் சொன்னாள்:
"வாசக்கால்ல தலைய இடிச்சுக்கும்.
குனியவே தெரியாது அதுக்கு."
எந்தக் கோர்ட்டில் எடுபடும் இது?
வாசக்காலையும் அளந்துகொண்டோம்.

டேப்பைத் திருப்பித் தரப் போனபோது
கடையைப் பாதி சாத்தியிருந்தார்
பேரணாம்பட்டு பஜாரில் கவுஸ் பாய்.
"ஜீப்பு ரெண்டு தடவ போச்சு."
பழைய அளவு நோட்டை
எச்சில் தொட்டுப் புரட்டினார்.

தசரதன், தோல்ஷாப். கல்யாண பேண்ட்.
நீளம் நாற்பத்தி மூணு.
பாக்கி முப்பது ரூபாய், இன்னும் அடிக்கவில்லை.

இடுப்புக்கு மேல் ஏழே அங்குலம் கம்பி.
யாரும் பேசவில்லை.
தாளைக் கிழித்துக் கொடுத்தார்.
"எம் பேரு வேணாம். நம்பரப் போடுங்க."

குடியாத்தம் தாண்டி
பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் கொட்டினார்கள்.
பானுரேகாவின் டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார்கள்.
திறந்தாள்.
ஊசிப்போன இரண்டு இட்லி.
மூக்கைப் பொத்திக்கொண்டு
மூடச் சொன்னார்கள்.