பத்தரை மணி வெயில்

செம்பூர், மூன்றாம் மாடி, மேற்குச் சுவர்.
கையகலத்தில் இரண்டு சதுரங்கள்
பூசிவிட்டுப் போயிருந்தார் ரியாசத்.

அட்டையில் அவற்றுக்கு இங்கிலீஷ் பெயர்கள்,
ஒன்றில் பாலைவனம், ஒன்றில் யானைத் தந்தம்.
பூங்கோதை அதையெல்லாம் நம்புவதில்லை.
இது நீராகாரம்,
அது நீராகாரத்தில் மிதக்கிற ஊறுகாய் எண்ணெய்
என்றாள்.

எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
சொல்லவில்லை.
தள்ளி நின்று தாடையைத் தடவினேன்,
லிட்டர் என்ன விலை என்று கேட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வெயில் பத்தரைக்கு வரும்,
பத்து ஐம்பதுக்குப் போய்விடும்.
ஞாயிறன்று பால் அடுப்பை அணைத்துவிட்டு
அதற்காகவே காத்திருந்தோம்.

வந்தது.
எதிரே எழும்புகிற இருபத்திரண்டு மாடியின்
பச்சை வலை வழியாக வந்தது.
நீராகாரம் பச்சை. எண்ணெய் பச்சை.
அவள் முழங்கை, என் பனியன்,
டியூப்லைட் அடியில் அசையாதிருந்த பல்லி
எல்லாம்.

வலையை எப்போது எடுப்பார்கள்?

திங்களன்று முடிவு கேட்க வந்த ரியாசத்
நகத்துச் சுண்ணாம்பைச் சுரண்டியபடி சொன்னார்:
வலை போகிற அன்றைக்கு
வெயிலும் போயிருக்கும், பாபி.

அடுத்த ஞாயிறு அவள் நிறம் பார்க்கவில்லை.
ஜன்னலுக்கு முதுகு காட்டி
நாற்காலியில் உட்கார்ந்து
தலை காயவைத்தாள், இருபது நிமிடமும்.

சுவரில் அவள் நிழல்
சதுரங்களின் மேல் ஏறி நின்றது.
பச்சை புகாத அந்த இடத்தில்
முதல்முறையாக எனக்கு
இரண்டும் வேறுவேறாகத் தெரிந்தன.

அவள் கேட்டிருந்தால்
எது என்று சொல்லியிருப்பேன்.