குளிரட்டும்

சும்ரா ஷோரூமில் அந்தப் புதியது
கண்ணாடிச் சுவருக்குள் நின்றது, விலைச்சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு.
ரெம்ஸி ஏறி உட்கார்ந்தான்.
இருக்கை ஒரு மூச்சு விட்டு அவன் எடையை ஏற்றது.
ஏசி. ரேடியோ. கோப்பை வைக்க ஒரு குழி.
"கோளாறு வந்தால்?" என்றேன்.
"வராது. வந்தால் லேப்டாப்போடு எங்கள் ஆள் வருவார்."
"எங்கிருந்து?"
"கொன்யாவிலிருந்து."
"எப்போது?"
விற்பனைப் பையன் டை முடிச்சைச் சரிசெய்துகொண்டான்.

அறுபது தவணை.
ஐந்து பருவம் சர்க்கரை பீட்.
ஐந்திலும் ஆலை சொன்ன நாளில் காசு தந்து,
ஐந்திலும் போர்வெல் இன்னும் கீழே இறங்காமல்,
பக்கத்து வயலைப் போல எங்கள் நிலம்
ஒரு ராத்திரியில் உள்வாங்காமல் இருந்தால்
வண்டி எங்களுடையது.
நான் நோட்டை மூடிவிட்டேன்.
அவன் வழியெல்லாம் அந்த இருக்கையைப் பற்றியே பேசினான்.

அபிதினின் முற்றத்தில் நின்றது மற்றது.
என்னைவிட மூன்று வயது இளையது.
சிவப்பு என்று சொல்லலாம்.
ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் உறைந்திருந்தது.
"எந்த வருஷம் நின்றது?"
"அது எனக்கு முந்தி," என்றார்.
கிளட்ச் மிதியைக் குனிந்து பார்த்தேன்.
ரப்பர் போய், இரும்பும் தேய்ந்து
யாரோ ஒருவருடைய பூட்ஸின் வளைவு அதில் பதிந்திருந்தது.
நாலாயிரமாம்.

தானமாக வந்த மாடில்லை இது,
பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பேன்.
ரெம்ஸி டயரை உதைத்துக்கொண்டிருக்க
கையுறையைக் கழற்றி
பானெட் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
நவம்பர் மாதம். வாளித் தண்ணீரில் பனி ஏடு கட்டியிருந்தது.
தகரம் வெதுவெதுவென்று இருந்தது.
"காலையில் எங்கேயாவது போனீர்களா?"
"இல்லையே."
"இது போயிருக்கிறது."
அபிதின் தொண்டையைச் செருமினார்.
"குளிரட்டும். காத்திருக்கிறோம்."

இரண்டரை மணி நேரம்.
ஆளுக்கு ஆறு கிளாஸ் தேநீர்,
மேசை முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல்.
ஆண்கள் டீசல் விலையைத் திட்டினார்கள்.
அபிதின் மனைவி மெலாஹத், சர்க்கரையை நீட்டும் சாக்கில்
என் காதருகே சொன்னாள்:
"மேடு ஏறும்போது இரண்டாம் கியர் வெளியே குதிக்கும்."

எங்கள் நிலத்தில் மேடு என்று ஒன்றே இல்லை.
ஒரு முட்டையை இந்தக் கோடியில் வைத்தால்
அந்தக் கோடிவரை உருளாது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு சாவி.
மூன்று முறை இருமியது.
நாலாவதில் வெள்ளைப் புகை, வெள்ளை கரைந்து சாம்பல்,
அப்புறம் புகையே இல்லை, சத்தம் மட்டும்.
ரெம்ஸி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

"கியருக்கு இருபதாயிரம் லிரா கழியுங்கள்."
அபிதின் மனைவியைப் பார்த்தார். மெலாஹத் கிளாஸ்களைப் பார்த்தாள்.
"வெதுவெதுப்புக்கு ஐந்தாயிரம்."
அதற்கு மட்டும் அவர் சிரித்துவிட்டார்.

நோட்டரி முடித்து வீடு திரும்பும்போது
ரெம்ஸி முன்னால், நான் வேனில் பின்னால்,
விளக்கு இரண்டும் கண்சிமிட்ட, மணிக்கு இருபது கிலோமீட்டர்.
எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
கோபமோ, காதுக்குக் குளிரோ.

காலையில் அதனடியில் கைக்குட்டை அகலத்துக்கு எண்ணெய்.
மட்கார்டில் புதிதாக ஏதோ வெள்ளையாய்:
தயிர் டப்பா ஒன்றைப் பாதியாக வெட்டி
போல்ட் போட்டு முடுக்கியிருந்தான்.
அதற்குள் தேநீர்க் கிளாஸ்.
எஞ்சின் ஓடும்போது பாதி சிந்திவிடுகிறது.
மீதியைக் குடிக்கிறான்.