முன்னால் நிற்க ஒருவன்

விவேகானந்தபுரம் நிறுத்தத்தில்
பெண்கள் மட்டும் நின்றால்
ரோஸ் நிற பஸ்
அம்பதடி தள்ளிப்போய்த்தான் மூச்சு விடும்.
சில நாள் அதுவுமில்லை.

லாட்ஜில் பதினாறு அறை பெருக்கி
சீசன் கூட்டத்தின் மணலையெல்லாம்
மெத்தைவிரிப்பிலிருந்து உதறிய கை
நீட்டியபடியே இருக்கும்.

இன்றைக்கு ஒருத்தன் வந்தான்.
தொப்பி. வெயிலில் வெந்த மூக்கு.
வட்டக்கோட்டைக்கு ஆட்டோவில்
நானூறு கேட்டார்களாம்.
"பஸ் உண்டும், இங்கன நில்லும்"
என்றாள் சுயம்புகனி, பாதி கையால்.
அவனை ரோட்டோரம் நட்டுவிட்டு
நுங்குக்கடை மறைவில்
ஐந்து பேரும் ஒதுங்கினோம்.

கை நீட்டினான்.
டயர் கிறீச்சிட்டு
சரியாக அவன் காலடியில் வந்தது படி.
அவன் தொப்பியைப் பிடிப்பதற்குள்
தூக்குச்சட்டிகளோடு நாங்கள் உள்ளே.

நடத்துநர் முறைத்துக்கொண்டே
ஐந்து சீட்டு கிழித்தார்,
எல்லாம் பூஜ்யம்.
அவனுக்குப் பதினோரு ரூபாய்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
"ஆம்பளைக்கு வண்டி நிக்கும்லா,
அதுக்குள்ள காசு அது"
என்றாள் ஜெனோபா.
எதுவும் விளங்காமல்
அழகாகத் தலையாட்டினான்.

லீபுரம் தாண்டிக் காற்றில் உப்பு ஏறியது.
சுயம்புகனி நின்றபடியே தூங்கினாள்,
கம்பி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோட்டை முக்கில் இறங்கியவன்
எங்களைப் பார்த்துக் கை அசைத்தான்.

கண்ணாடியில் ஓர் ஆண் கை தெரிய
டிரைவர்
மறுபடியும் பிரேக் போட்டார்.