காலிக் கட்டம்

கஞ்சிக்கோட்டில், பேட்டரிக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
கணவாய்க் காற்று கதவைத் திறந்து திறந்து அறைகிறது.
சேமிப்பகப் பிரிவுக்கு
மெயின்ஃப்ரேம் தெரிந்த நான்கு பேர் வேண்டும்.
மூன்று வாரமாக வந்தவர்கள்
மேகத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

இன்று மதுக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் எமிலியம்மாள்.
எண்ணும் எழுத்தும் நெரியும் நாலு தாளை நீட்டினேன்:
இந்த நிரல் எங்கே செத்தது?

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மூன்றாம் தாளில் நகம் நின்றது.
"நாப்பது, நாப்பது, நாப்பது. எல்லாம் வெறும் இடைவெளி.
தொகை இருக்க வேண்டிய இடம், சார்.
கூட்டப் போயிருக்கு, விழுந்திருக்கு."

சரிதான்.
அவர் விண்ணப்பத்தைப் புரட்டினேன்.
வயது என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை.

நான் அங்கே விழவில்லை.
திங்கட்கிழமை வர முடியுமா என்றேன்.

"வாளையார் தாண்டினா பெட்ரோல் விலை வேற.
அதையும் சேத்துப் போடுங்க."