பதினான்காம் சாமி

டர்பன் கடற்கரையில் பெல்மோர் ஓட்டல்.
ஆறு மாடி, நாற்பது தூண்,
கப்பலில் வந்திறங்கிய பளிங்கு.
ஒரு காலத்தில் அங்கே
முப்பத்தாறு சாமிகள் இருந்தார்கள்.

வெள்ளைத் தலைப்பாகை, சிவப்பு இடைக்கச்சை.
முனிசாமி, கிஸ்டசாமி, அப்பாசாமி என்று
துரைசானிகள் எத்தனையை நினைவில் வைப்பார்கள்?
எல்லோரும் சாமி.
பெயரில் சாமியே இல்லாத
என் அப்பா காத்தவராயனும்
சம்பளப் புத்தகத்தில் சாமி 14.

மணியடித்தால் சாமி வருமென்று
எந்தக் கோயிலிலும் உறுதியில்லை.
இங்கே வந்தது,
தட்டேந்தி, படிக்கட்டில், ஓட்டமாய்.
லிப்ட் விருந்தாளிக்கும் அவர் நாய்க்கும்.
நைவேத்தியம் சுமந்ததும் சாமிதான்,
மிச்சம் தின்றதும்.
முன்வாசல் மட்டும்
எந்தச் சாமிக்கும் கிடையாது.

சாட்ஸ்வொர்த் வீட்டில் வெள்ளிக்கிழமை
அம்மா பூசை மணியை எடுத்து ஆட்டுவாள்.
அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப்
பாதி எழுந்து நிற்பார்.
பிறகு உட்காருவார்.
நாங்கள் சிரிப்போம். அவரும்.

இன்று கணக்காளர் மாநாடு.
கதவைத் திறந்த பையன் நெஞ்சில்
சிபுசிசோ என்று பித்தளையில் பெயர்.
சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஓட்டலின் வரலாறு:
எந்த ஆண்டு எந்தப் பிரபு,
ஒரே இரவில் எத்தனை டஜன் சிப்பி.

வரவேற்பு மேசையில் ஆளில்லை.
உள்ளங்கைகள் தேய்த்துப் பளபளத்த
சின்ன மணி ஒன்று.

கை போனது.

பெட்டியைக் காலருகே வைத்துவிட்டு
பதினொரு நிமிடம் நின்றேன்,
யாராவது தானாக வரும்வரை.