எனக்க வண்டி

குளச்சலில் ஏற்றின நெத்திலி
கோவில்பட்டிக்குப் போய்ச் சேரவில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆடிக்காத்து வண்டியைத் தோளில் இடித்துச் சாய்த்தது.

இன்சூரன்ஸ்காரன் சொன்னான்:
"உங்க வண்டிக்கு ஒரு இரட்டை இருக்கு, சார்.
சர்வர்ல ஓடுது.
வேகம் எண்பத்தொண்ணு, பிரேக் தாமதம்.
காத்து? அப்படி ஒண்ணும் பதிவாகலியே."

அந்த ராத்திரி
முப்பந்தலில் நின்ற காத்தாடி அத்தனையும்
அதே காத்தை
யூனிட் யூனிட்டாய் எண்ணி விற்றுக்கொண்டிருந்தது.

பதிவை ஒருக்கா காட்டும் என்றேன்.
அது கம்பெனிக்குச் சொந்தமாம்.
சாவி தந்த நாளில்
மாலைக்கும் லட்டுக்கும் நடுவே
நாப்பத்தாறு பக்கத்துக்குக் கீழே
'சம்மதம்' என்று தொட்டிருக்கிறேன்.

எனக்க வண்டி.
எனக்க கடன்.
தொட்டதும் எனக்க பெருவிரல்தான்.
நான் ஓட்டின ஓட்டம் மட்டும்
அவியளுக்க.

தக்கலை ஒர்க்‌ஷாப்பில் ஜெறோம்
கம்பியைச் சொருகிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான்:
"பாஸ்வேர்டு கேக்குது அண்ணே. நமக்குத் தராது."

உப்பு தின்ற கதவு,
எத்தனை கழுவியும் போகாத மீன்தண்ணி வாடை,
இதெல்லாம் அந்த இரட்டைக்கு உண்டுமா?
அது துருப்பிடிக்காது.
துருப்பிடிக்காததை எனக்க வண்டி என்று
எப்படி நம்ப?

வண்டி இப்போ ஸ்டேஷனுக்குப் பின்னால்.
ரேடியேட்டர் வழியே எருக்கு தலைநீட்டுகிறது.
தவணை இன்னும் பதினொண்ணு.

இன்று விடியக்காலம், மூன்றரைக்கு,
நான் லோடு ஏற்றுகிற நேரம் பார்த்து
போன் வெளிச்சம் போட்டது:

உங்கள் வாகனம் நலம்.
அடுத்த சர்வீஸ் பத்தொன்பதாம் தேதி.
நான்கு டயரிலும் காற்று
சரியாக உள்ளது.